கண்ணீர்க் கதை கேட்காதீர்கள்

ஒரு நகைச்சுவைக் கலைஞர் இறந்த செய்தி எப்படிப் பரவுகிறது என்று பார்க்க, சேலம் சூரமங்கலத்திலிருந்து பழைய பஸ் ஸ்டாண்டு போகும் டவுன் பஸ்ஸில் ஏறினால் போதும். ஜங்ஷன் தாண்டுவதற்குள் நாலு கைபேசிகளில் ஒரே மாதிரி வீடியோ ஓடும். பின்னணியில் வயலின் அழும். படம் கறுப்பு வெள்ளைக்கு மாறும். ஊரையே சிரிக்க வைத்தவருக்குள் இத்தனை சோகமா என்று தலைப்பு கேட்கும். 2020 செப்டம்பரில் வடிவேல் பாலாஜி, 2024 மார்ச்சில் ‘லொள்ளு சபா’ சேஷு, 2025 செப்டம்பரில் ரோபோ சங்கர் மறைந்தபோதெல்லாம் இதுதான் நடந்தது. மூவரும் மூன்று விதமான கலைஞர்கள். ஒருவர் வடிவேலு கெட்டப்பில் வந்து நின்றாலே அரங்கம் குலுங்கும். இன்னொருவர் மிரண்டு போய் ஒரே ஒரு வரி பேசினால் அது மறுநாள் மீம் ஆகிவிடும். மூன்றாமவர் இயந்திர மனிதனைப் போல அசைந்து காட்டியே பெயருக்கு முன்னால் ஒரு பட்டத்தைச் சம்பாதித்தவர். அந்த வீடியோக்களைப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் எதுவும் தெரிந்திருக்காது. மூவரும் ஒரே ஆளாகத்தான் தெரிந்திருப்பார்கள்: சிரித்துக்கொண்டே அழுத ஒருவர்.

சிரிக்க வைப்பவன் உள்ளுக்குள் அழுதுகொண்டுதான் இருப்பான் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பேட்டி எடுப்பவர் இதை நம்புகிறார், பதிப்பாளர் நம்புகிறார், வாசகரும் நம்புகிறார். அதனால் ஒரு சின்னத்திரை நகைச்சுவைக் கலைஞர் தன் வாழ்க்கையைச் சொல்ல உட்கார்ந்தால், பட்ட கஷ்டத்தைச் சொல்லுங்கள் என்றுதான் முதல் கேள்வி வருகிறது. அவர் சிரிக்கச் சிரிக்கச் சொன்னால் எதையோ மறைக்கிறார் என்று எதிரே இருப்பவர் சந்தேகப்படுகிறார். குரல் உடையும் இடத்தில் கேமரா நெருங்கிப் போகிறது. அந்தப் பத்து நொடிதான் முன்னோட்டமாக வெட்டி ஒட்டப்படுகிறது. இப்படிக் கேட்பவர்களின் மனத்தில் கருணை இருப்பது உண்மைதான். ஆனால் அந்த நம்பிக்கை தவறு. அது கலைஞரின் தொழிலையே கண்ணில் படாமல் செய்துவிடுகிறது. பிழைப்பு சம்பந்தமாக அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளையும் கேட்கவிடாமல் தடுக்கிறது. ஒரு நகைச்சுவைக் கலைஞர் தன் தொழிலைப் பற்றித் தன் பாணியிலேயே, சிரிப்போடு எழுதும் நினைவுநூல்தான் அவரைப் பற்றிய நேர்மையான ஆவணம். தமிழ்ச் சின்னத்திரைக்கு இன்று மிகவும் தேவைப்படுவது அதுதான்.

இந்த நம்பிக்கை வாழ்க்கையைப் பார்த்துப் பிறந்ததல்ல, கதைகளிலிருந்து வந்தது. மனச்சோர்வோடு மருத்துவரிடம் வந்த ஒருவரிடம், ஊரில் கிரிமால்டி என்றொரு கோமாளி இருக்கிறார், போய்ப் பாருங்கள், சரியாகிவிடும் என்று மருத்துவர் சொல்ல, அந்தக் கிரிமால்டியே நான்தான் என்று வந்தவர் சொன்னதாக ஒரு கதை ஐரோப்பாவில் நெடுங்காலமாக உலவுகிறது. நம் ஊர் மேடைப் பேச்சாளர்களும் கோமாளியின் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு இதைச் சொல்வதுண்டு. ஜோசப் கிரிமால்டி லண்டன் மேடைகளில் வாழ்ந்து 1837இல் இறந்த உண்மையான மனிதர். அவர் தன் வாழ்க்கையைத் தானே எழுதி வைத்திருந்தார். அந்தக் கையெழுத்துப் படி பிறர் கையால் சுருக்கப்பட்டு, கடைசியில் இளைஞர் சார்லஸ் டிக்கன்ஸ் திருத்த, 1838இல் நூலாக வந்தது. கோமாளியின் சொந்தச் சொல்லை விட அவரைப் பற்றி அடுத்தவர் சொல்லும் கதை அதிகம் விலைபோகும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. 1892இல் மிலானில் அரங்கேறிய லியோன்கவால்லோவின் ‘பாலியாச்சி’ இசை நாடகம் அந்த உருவத்துக்கு முத்திரை குத்தியது: மனைவியின் துரோகத்தை அறிந்த கையோடு முகத்துக்கு மாவு பூசி மேடையேற வேண்டிய கோமாளி.

தமிழில் அந்த முத்திரையைக் குத்தியது ‘சர்வர் சுந்தரம்’. கே. பாலசந்தர் எழுத, கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில் ஏவி.எம். 1964இல் தந்த படம். ஓட்டலில் சர்வராக இருந்தவன் சினிமாவில் சிரிப்பு நடிகனாகிப் புகழின் உச்சிக்குப் போகிறான். காதலும் கைகூடவில்லை, தாயும் போய்விடுகிறாள். ஆறு ஆண்டு கழித்து ராஜ்கபூரின் ‘மேரா நாம் ஜோக்கர்’ படத்திலும் தாய் இறந்த துக்கத்தோடு கோமாளி கூட்டத்தைச் சிரிக்க வைக்கிறான். இரண்டும் நல்ல படங்கள். ‘சர்வர் சுந்தர’த்தில் நாகேஷின் நடிப்பைப் பார்த்துக் கலங்காதவர் இருக்க முடியாது. ஆனால் அது பாலசந்தர் எழுதிய சுந்தரத்தின் கதை. அதையே நாகேஷின் கதையாக எடுத்துக்கொண்டோம். பிறகு சிரிப்பு நடிகர் எல்லாருக்கும் அதே கதையை மாட்டிவிட்டோம்.

நாகேஷ் தன் கதையைச் சொன்னபோது அது வேறாக இருந்தது. பத்திரிகையாளர் எஸ். சந்திரமௌலியிடம் அவர் சொல்ல, எழுதப்பட்ட ‘நான் நாகேஷ்’ கையில் இருக்கிறது. தாராபுரத்துக்காரர், அம்மைத் தழும்பு விழுந்த முகம், ரயில்வேயில் குமாஸ்தா. அழ வைக்க வேண்டுமென்றால் இந்த மூன்று விவரமே போதும். அவர் வாழ்க்கையை மாற்றியதோ அலுவலக நண்பர்களின் அமெச்சூர் நாடகத்தில் கிடைத்த வயிற்றுவலி நோயாளி வேடம். சில நிமிடமே வந்து போகும் பாத்திரம். வலியில் எப்படியெல்லாம் துடிக்கலாம், முனகலை எந்த இடத்தில் நிறுத்தினால் சிரிப்பு வரும் என்று கணக்குப் போட்டுச் செய்தார். தலைமை தாங்க வந்திருந்த எம்.ஜி.ஆர். மேடையிலேயே அந்த நோயாளியைப் பாராட்டினார். ‘திருவிளையாடல்’ (1965) தருமி தனியே நின்று புலம்பும் பகுதி படப்பிடிப்புத் தளத்திலேயே உருவானது என்றும், அதைப் பார்த்த சிவாஜி ஒரு அடிகூட வெட்ட வேண்டாம் என்றார் என்றும் சொல்வார்கள். ஒரு நடிகர் எங்கே நிற்க வேண்டும், எப்போது திரும்ப வேண்டும், எதிரே யாருமே இல்லாதபோது யாரிடம் பேசுவது என்பது பற்றிய பாடம் இது. தருமியின் வறுமை மட்டும் பார்வையாளரைச் சிரிக்க வைத்துவிடாது. அந்த வறுமை கைகால் அசைவாகவும் மூச்சு விடும் இடைவெளியாகவும் மாறிய பிறகே சிரிப்பு வருகிறது. அந்த மாற்றம் எப்படி நடக்கிறது என்பது நமக்குத் தெரிய வேண்டும். ‘எவ்வளவு கஷ்டப்பட்டீர்கள்’ என்ற கேள்விக்கு அது வெளியே வராது.

சந்திரபாபுவுக்கு இன்னும் பெரிய அநியாயம் நடந்திருக்கிறது. அவரைப் பற்றி யார் பேசத் தொடங்கினாலும், வாய்ப்புக் கேட்டு ஜெமினி ஸ்டுடியோவில் மயில்துத்தம் குடித்தது, முறிந்த மணவாழ்வு, நின்று போன படம், குடி, 1974 மார்ச்சில் சாவு என்ற வரிசையிலேயே பேச்சு போகும். முகில் உழைத்து எழுதிய வாழ்க்கை வரலாற்றுக்குக்கூட ‘கண்ணீரும் புன்னகையும்’ என்று, கண்ணீரை முன்னால் நிறுத்தித்தான் பெயர் வந்தது. இவை எல்லாம் நடந்தவைதான். ஆனால் மேல்நாட்டு யோடலிங்கைத் தமிழ்த் தொண்டைக்குள் கொண்டுவந்து, தமிழ் வார்த்தைக்கு ஏற்ற இடத்தில் குரலை உடைத்துத் தூக்கியவர் அவர். சிறுவயதில் கொழும்பில் வளர்ந்த காது அவருடையது. ‘சபாஷ் மீனா’ (1958) படத்தில் இரட்டை வேடம் போட்டு, சிவாஜி எதிரே நிற்கும்போதும் காட்சியைத் தன் பக்கம் இழுத்தார். 1966இல் ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ படத்தைத் தானே இயக்கினார். அந்தக் குரல் உடைவை எங்கே கற்றார், எத்தனை தடவை பயிற்சி செய்தார், ஒலிப்பதிவுக் கூடத்தில் இசையமைப்பாளரிடம் அதை எப்படி வாதாடி வாங்கினார்? இவற்றைக் கேட்டு வைத்துக்கொள்ள அன்று ஆள் இல்லை. மயில்துத்தக் கதையை மட்டும் ஐம்பது ஆண்டுகளாகக் காப்பாற்றி வைத்திருக்கிறோம்.

இதற்கு ஒரு பதில் வரும். சோகத்தைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடாதா, சிரிப்பாகச் சொன்னால் வலி நீர்த்துப் போகாதா என்று கேட்பார்கள். சாப்ளின் 1964இல் வெளியிட்ட தன்வரலாற்றில் இதற்கு விடை இருக்கிறது. ஆல்டர்ஷாட் என்ற ராணுவ ஊரின் அரங்கில் பாடிக்கொண்டிருந்த அவருடைய தாய்க்குக் குரல் கட்டிப் போகிறது. கூட்டம் கூச்சலிடுகிறது. தாய் இறங்கிவிட, மேலாளர் ஐந்து வயதுப் பையனை மேடையில் கொண்டுவந்து நிறுத்துகிறார். பையன் பாதிப் பாட்டில் இருக்கும்போது காசு மழை பொழிகிறது. அவன் பாட்டை நிறுத்திவிட்டு, முதலில் காசைப் பொறுக்கிக்கொள்கிறேன், பிறகு பாடுகிறேன் என்று அறிவிக்கிறான். உதவிக்கு வந்த மேலாளர் காசைத் தானே வைத்துக்கொள்வாரோ என்று பயந்து அவர் பின்னாலேயே ஓடுகிறான். கூட்டம் வெடித்துச் சிரிக்கிறது. அந்த இரவுக்குப் பிறகு அந்தத் தாயின் குரல் பழையபடி திரும்பவே இல்லை. ஒரு குடும்பம் சரிந்ததும் உலகின் மிகப் பெரிய சிரிப்பு நடிகன் பிறந்ததும் ஒரே மேடையில், ஒரே ஐந்து நிமிடத்தில் நடந்தன. இதில் எதைப் பின்னால் தள்ளி எதை முன்னால் வைப்பது? சாப்ளின் பிரிக்கவில்லை. சிரிப்பை எடுத்துவிட்டால் அந்த வலியும் நமக்குக் கிடைத்திருக்காது.

இந்த வித்தையை நம் மண்ணில் அவருக்கு முன்பே செய்தவர் கலைவாணர். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944 இறுதியில் கைதாகி, தண்டனை பெற்று, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947இல்தான் என்.எஸ். கிருஷ்ணன் வெளியே வந்தார். அவர் சிறையில் இருந்தபோது என்.எஸ்.கே. நாடக சபையின் பெயரைக் காப்பாற்ற எஸ்.வி. சகஸ்ரநாமம் ‘பைத்தியக்காரன்’ படத்தை எடுத்துக்கொண்டிருந்தார். விடுதலையாகி வந்த கலைவாணருக்காக அதில் காட்சிகள் சேர்க்கப்பட்டன. மனைவி டி.ஏ. மதுரத்தோடு சேர்ந்து அவர் அதில் பாட்டாக்கியது எதை? ஜெயிலுக்குப் போய் வந்ததையே. ஊரே அனுதாபத்தோடு காத்திருந்த நேரம். ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருந்தால் தமிழ்நாடே சேர்ந்து அழுதிருக்கும். அவர் சிறையைக் கிண்டல் செய்தார், கூடவே வெளியே இருந்தவர்களையும். அது தப்பித்தல் என்று யார் சொல்ல முடியும்?

இனி சின்னத்திரைக்கு வருவோம்.

1975இல் இரண்டு மாத இடைவெளியில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. அக்டோபர் 11 அன்று நியூயார்க்கில் ‘சாட்டர்டே நைட் லைவ்’ என்ற நேரலை நகைச்சுவை நிகழ்ச்சி தொடங்கியது. அங்கே அந்த நிகழ்ச்சியில் எழுதியவர், நடித்தவர், வெளியேற்றப்பட்டவர் என எல்லாரிடமும் வாய்மொழியாகக் கேட்டுத் தொகுத்த தடித்த புத்தகம் 2002இலேயே வந்துவிட்டது. அந்த நிகழ்ச்சியின் தலைமை எழுத்தாளராக இருந்த டினா ஃபே 2011இல் ‘பாஸிபாண்ட்ஸ்’ என்ற நினைவுநூலை எழுதினார். பக்கத்துக்குப் பக்கம் சிரிப்பு. ஆனால் அது எதைப் பற்றிய சிரிப்பு என்று பார்க்க வேண்டும். செவ்வாய் இரவு முழுக்க விழித்து எழுதி, புதன்கிழமை எல்லாரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து வாசித்து, சனி இரவு எட்டு மணிக்கு ஒத்திகை வைத்து, பதினொன்றரைக்கு நேரலை. நடுவிலுள்ள அந்தச் சொற்ப நேரத்தில் எடுபடாத காட்சியை வெட்டி எறிவார்கள். ஆண்கள் நிறைந்த எழுத்தாளர் அறையில் ஒரு பெண் எப்படிக் குரல் எழுப்பினார், ஒரு ஸ்கெட்ச் ஏன் செத்தது, நடிகர்களை வைத்து வேலை வாங்கும் பொறுப்பு தலையில் விழுந்தபோது என்ன செய்தார் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அவருக்கு ஐந்து வயதில் முன்பின் தெரியாத ஒருவன் முகத்தைக் கத்தியால் கீறிவிட்டான். தழும்பு இன்றும் இருக்கிறது. அதைத் தொட்டுவிட்டு, விரித்துச் சொல்லாமல், அந்தத் தழும்பைப் பார்த்ததும் மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று மட்டும் எழுதி நகர்கிறார். கையில் இருந்த பெரிய சோகத்தை விற்க மறுத்தவர் அவர். அந்தப் புத்தகத்தை எடை குறைந்தது என்று யாரும் தள்ளவில்லை.

தமிழ்ச் சின்னத்திரையில் இதற்கு இணையாக ஒரு புத்தகத்தை எடுத்துக் காட்டுவது கடினம். சரக்கு இல்லாததால் அல்ல. தூர்தர்ஷனில் எஸ்.வி. சேகரின் ‘வண்ணக் கோலங்கள்’, சன் டிவியில் வெண்ணிற ஆடை மூர்த்தியின் ‘மீண்டும் மீண்டும் சிரிப்பு’, நாகா இயக்கிய ‘ரமணி வெர்சஸ் ரமணி’, ஜெயா டிவியில் கிரேஸி மோகனின் ‘விடாது சிரிப்பு’ என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு தினுசு. கிரேஸி மோகனை எடுத்துக்கொண்டால் கண்ணீர்க் கோட்பாடு வாசலிலேயே நின்றுவிடும். கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர், வேலையில் இருந்தவர், கூட்டுக் குடும்பத்துக்காரர். பள்ளியில் தன்னை மேடையேற்றிய ஜானகி டீச்சரின் பெயரையே தன் கதாநாயகிகளுக்கெல்லாம் வைத்தார். அவரிடம் போய் எந்தச் சோகத்தைத் தோண்டுவது? 2019இல் அவர் மறைந்தபோது, ஒரு வசனத்துக்குள் நாலு அர்த்தம் வைத்துக்கொண்டு நாலாவது அர்த்தம் புரிவதற்குள் அடுத்த வசனத்துக்குப் போய்விடும் அந்த வேகத்தை எப்படிக் கைக்குக் கொண்டுவந்தார் என்ற கணக்கும் பெரும்பாலும் அவரோடு போய்விட்டது. ‘மைக்கேல் மதன காமராஜ’னில் சாம்பாரில் மீன் விழுந்த காட்சியைத் தமிழர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். அதன் முதல் வரைவில் என்ன இருந்தது என்று சொல்லத்தான் ஆளில்லை.

‘லொள்ளு சபா’ அதைவிடச் செழிப்பான சுரங்கம். 2000களில் விஜய் டிவியில் ராம்பாலா இயக்கிய அந்த நிகழ்ச்சி, கோடிகள் கொட்டி எடுத்த படங்களைச் சில தட்டிகளும் வாடகை உடையும் வைத்து வாரந்தோறும் கிண்டலடித்தது. சந்தானம் அங்கிருந்துதான் 2004இல் ‘மன்மதன்’ படத்துக்குப் போனார். யோகி பாபு அங்கே சின்னச் சின்ன வேலைகளில் இருந்தவர்; 2021இல் ‘மண்டேலா’ படத்தைத் தோளில் சுமந்தார். மனோகர், சுவாமிநாதன், மாறன், சேஷு என்று பலருக்கு நிகழ்ச்சியின் பெயரே இனிஷியலாகிவிட்டது. ஒரு படம் வெளியாகி எத்தனை நாளில் ஸ்கிரிப்ட் தயாராகும்? அந்தப் படத்தை யார் தியேட்டருக்குப் போய்க் குறிப்பெடுத்து வருவார்? எந்தப் படத்தைத் தொட வேண்டாம் என்று சேனலிலிருந்து சொல்வார்கள்? மனோகரின் அந்த விநோத இழுவை ஒத்திகையில் வந்ததா, தற்செயலாக வந்ததா? பெரிய நடிகரைக் கிண்டலடித்த மறுவாரமே அவர் படத்தில் வாய்ப்புக் கேட்டு நின்றபோது என்ன நடந்தது? இவற்றைச் சொல்லத் தொடங்கினால் சிரிக்காமல் சொல்ல முடியாது. தமிழ் சினிமாவின் அதிகார அடுக்குகளும் சேர்ந்தே வெளியே வரும்.

‘அது இது எது’ நிகழ்ச்சியின் ‘சிரிச்சா போச்சு’ சுற்றையும் இப்படிப் பார்க்கலாம். எதிரே இருப்பவருக்கு ஒரே வேலை: சிரிக்காமல் இருப்பது. அவர் உதட்டைக் கடிக்கலாம், தண்ணீர் குடிக்கலாம், விட்டத்தைப் பார்க்கலாம். கலைஞருக்கு இருப்பது சில நிமிடம். சிரிக்கவே கூடாது என்று முடிவு செய்து உட்கார்ந்திருப்பவரைச் சிரிக்க வைப்பது இந்தத் தொழிலின் கடினமான பரீட்சை. வடிவேல் பாலாஜி அதில் தேறியவர். சேலையோ மீசையோ ஒட்டிக்கொண்டு வந்து, தயார் செய்த பஞ்ச் விழாமல் போனதும் கண் இமைக்கும் நேரத்தில் ரூட்டை மாற்றி, எதிராளியின் மூக்கு நடுங்குகிற அந்த ஒரு கணத்தைப் பிடித்து அடுத்த கவுண்டரை அங்கே போடுவார். இந்தப் பிடி எங்கிருந்து வந்தது? மதுரைப் பக்கத்து மேடைகளில் எத்தனை இரவு கூட்டம் கலைந்து போனதைப் பார்த்து வந்தது? இதை அவரிடம் கேட்டிருக்கலாம். இறந்த பிறகு அவர் வறுமையைத் தேடிப் போனோம்.

மேடையைப் பற்றிச் சொல்லும்போது சேலத்துக்கே திரும்ப வேண்டும். இந்த ஊர் நகைச்சுவையைத் தொழிலாக நடத்திப் பார்த்த ஊர். திருச்செங்கோடு டி.ஆர். சுந்தரம் ஏற்காடு சாலையில் நடத்திய மாடர்ன் தியேட்டர்ஸ் நூறு படங்களுக்கு மேல் எடுத்தது. மலையாளத்தின் முதல் பேசும் படமும் (‘பாலன்’, 1938) தமிழின் முதல் வண்ணப் படமும் (‘அலிபாபாவும் 40 திருடர்களும்’, 1956) அதன் தயாரிப்புகள்தான். எழுத்தாளரும் நடிகரும் மாதச் சம்பளத்துக்கு, நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போன இடம். ‘உத்தம புத்திரன்’ (1940) படத்தில் காளி என். ரத்தினமும் டி.எஸ். துரைராஜும் செய்த சிரிப்பு அந்த ஒழுங்குக்குள்தான் நடந்தது. முதலாளி முன்னால் காமெடி டிராக் எப்படி ஒப்புதல் வாங்கியது, எத்தனை டேக் அனுமதித்தார்கள் என்பதை ரத்தினம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தால் அது சேலத்தின் தொழில் வரலாறாகவே ஆகியிருக்கும்.

இன்றும் இங்கே மேடைகள் குறையவில்லை. ஆடி பிறந்தால் கோட்டை மாரியம்மன் பண்டிகையோடு ஊர் முழுக்கப் பந்தல் ஏறும். குகையில் வண்டி வேடிக்கை நடக்கும். சாமி வேஷம் கட்டியவர்கள் அசையாமல் வண்டியில் நின்று வருவார்கள். சூரமங்கலம் தெருக்களிலும் ‘சின்னத்திரை புகழ்’ என்று ஃபிளெக்ஸ் தொங்கும். மெல்லிசைக் கச்சேரிக்கு நடுவில் டிரம்ஸ்காரர் மைக் சரி செய்யும் வரை மிமிக்ரி கலைஞர் மேடையை ஓட்ட வேண்டும். “நாலு வாய்ஸ் போடுங்க தம்பி, பாட்டுக்காரங்க ரெடியாகற வரைக்கும் சமாளிங்க” என்று விழாக் கமிட்டிக்காரர் தோளைத் தட்டி அனுப்புவார். ஸ்பீக்கர் ஊளையிடும். முன்வரிசையில் குழந்தைகள் மண்ணில் உட்கார்ந்திருப்பார்கள். பின்வரிசையில் பெரியவர்கள் அரசியல் பேசுவார்கள். ரஜினி வாய்ஸுக்குக் கை தட்டல் வரும், ஜனகராஜ் வாய்ஸுக்குச் சிரிப்பு வரும், புதிதாக எழுதி வந்த சொந்த ஐட்டத்துக்கு அமைதி வரும். அந்த அமைதியில் நின்று அடுத்த வரியைக் கண்டுபிடிப்பவர்தான் பிறகு ‘கலக்கப்போவது யாரு’ டிவி நிகழ்ச்சியின் தேர்வுக்கு ஜங்ஷனில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் பிடிக்கிறார். ஈரோடு, சேலம், நாமக்கல் சுற்றுவட்டாரத்திலிருந்து அப்படிப் போனவர்கள் இருக்கிறார்கள். தேர்வில் தோற்று, விடிந்ததும் வேலைக்குத் திரும்பியவர்கள் அவர்களைவிட அதிகம். போனவர் திரும்பி வந்து சொல்ல வேண்டிய கதை இதுதான்: எந்த ஐட்டம் சேலத்தில் விழுந்து சென்னையில் நின்றது, கொங்குப் பேச்சைக் குறைக்கச் சொன்னார்களா, கூட்டச் சொன்னார்களா?

இதற்கெல்லாம் எதிராகக் கடைசியாக ஒரு வாதம் உண்டு, அது கனமானது. இவ்வளவு பேர் நாற்பதுகளில் இறந்துபோயிருக்கிறார்களே, அதைச் சிரிப்பால் மூடுவதா? ரோபோ சங்கருக்கு 46 வயது, வடிவேல் பாலாஜிக்கு 45. இந்த இழப்பு உண்மை; அதை யாரும் மூடக்கூடாது. ஆனால் ‘கோமாளியின் விதி’ என்ற சொல்தான் அதை மூடுகிறது. விதி என்று சொன்ன பிறகு வேறு காரணம் தேட வேண்டியதில்லை அல்லவா? தூக்கமில்லாத பயணம், ஒரே நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட எபிசோடு எடுக்கும் வழக்கம், நிகழ்ச்சி இருந்தால் பணம் இல்லாவிட்டால் இல்லை என்ற பிழைப்பு, மருத்துவக் காப்பீடு என்ற பேச்சே எழாத ஒப்பந்தங்கள் ஆகியவை பற்றித்தான் கேட்க வேண்டும். நெசவுத் தொழிலாளியோ வெள்ளிப் பட்டறைத் தொழிலாளியோ நாற்பத்தைந்தில் இறந்தால் பட்டறையைப் பற்றிக் கேட்கிறோம். சிரிப்புத் தொழிலாளி இறந்தால் மட்டும் அவர் ஆன்மாவைப் பற்றிப் பேசுகிறோம்.

பணத்தின் கதையும் இப்படித்தான். 2012இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் உரிமத்தொகையைப் பற்றி உரக்கப் பேச முடிந்தது. பாடகர்களும் தங்களுக்கென ஓர் அமைப்பு கண்டார்கள். பழைய ‘லொள்ளு சபா’ துண்டுகளும் ‘சிரிச்சா போச்சு’ துண்டுகளும் இன்றும் யூடியூபில் ஓடிக்கொண்டே இருக்கின்றன. விளம்பரமும் கூடவே ஓடுகிறது. அந்த ஸ்கிட்டை எழுதியவருக்கும் நடித்தவருக்கும் அதில் என்ன பங்கு? ஒரு கலைஞர் தன் நினைவுநூலில் அன்று கையெழுத்துப் போட்ட காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று ஒரு பக்கம் எழுதினால், சிரித்துக்கொண்டே எழுதினாலும், கறுப்பு வெள்ளை வீடியோக்கள் அத்தனையும் சேர்ந்து செய்ய முடியாததை அந்த ஒரு பக்கம் செய்யும்.

பெண்களின் கதை இன்னும் தூரத்தில் இருக்கிறது. டி.ஏ. மதுரம், மனோரமா, கோவை சரளா என்று பெரிய திரையில் பெயர்கள் உண்டு. சின்னத்திரை நகைச்சுவை மேடையிலோ மாமியார், மனைவி, காதலி என எல்லாரையும் ஆண்களே சேலை கட்டி நடித்துவிடுகிறார்கள். உடன் நடிக்கும் பெண் அந்த மேடையில் ஓரமாக நின்று என்ன பார்த்தார், அவருக்கு எழுதப்பட்ட வரி எத்தனை, தானே ஒரு கவுண்டர் யோசித்துச் சொன்னபோது குழுவில் என்ன பதில் வந்தது? டினா ஃபேயின் புத்தகம் ஏறக்குறைய இந்த ஒரே கேள்வியைச் சுற்றித்தான் நிற்கிறது. தமிழில் இதை எழுதக்கூடிய பெண்கள் இப்போது நாற்பது வயதுக்குள் இருக்கிறார்கள், வாரந்தோறும் திரையில் வருகிறார்கள். அடுத்த முறை அவர்களைப் பேட்டிக்கு உட்கார வைப்பவர் சிறுவயது வறுமையை ஓரமாக வைத்துவிட்டு, போன வாரம் எடிட்டிங்கில் வெட்டப்பட்ட அவருடைய வரி எது என்று கேட்கட்டும்.